மெட்டு ஏறியபின் கவிதை எங்கே போகிறது?

ஏட்டுப்பூச்சி (இழையைத் தொடங்கியவர்)

சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாடல் வரிகளைக் கவிதை என்று சொல்லும் பழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். மெட்டைக் கழற்றிவிட்டு வரிகளை மட்டும் தாளில் படித்தால் பெரும்பாலான பாடல்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அடைமொழிகள் எல்லாம் தேய்ந்துபோனவை. பல்லவி சொன்னதையே சரணமும் சொல்கிறது. கேட்கும்போது கண் கலங்கியது உண்மைதான். கலங்க வைத்தது வயலின். துணைக்கு யாரும் இல்லாமல் தாளில் நிற்பதுதான் கவிதை. நிற்காதது வேறு ஏதாவது நல்ல பொருளாக இருக்கலாம், அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கவிதைக்கு மெட்டுப் போட்டு அதைக் கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இரண்டும் பிரிந்தே இருக்கட்டும் என்பது என் கட்சி.

வெண்டளை

தாளில் நிற்க வேண்டும் என்ற விதியை யார் போட்டார்கள்? தாள் எப்போது வந்தது?

சங்கத் தொகை நூலான பரிபாடலை எடுத்துப் பாருங்கள். பாட்டின் அடியில் புலவர் பெயர், அதை அடுத்து இசை வகுத்தவர் பெயர், பிறகு பண், அதாவது அந்தக் காலத்து ராகம். கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண்ணுப்பாலையாழ். அதே புலவரின் வேறொரு பாட்டுக்குக் கண்ணனாகனார் இசை. இருவர் சேர்ந்து செய்த பொருள் என்பதைத் தொகுத்தவர்கள் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். 70 பாடல்கள் என்பது மரபு. முழுதாகக் கிடைத்தவை 22. உ.வே.சா. 1918-இல் அதைப் பதிப்பித்தபோது பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்களின் பெயர்கள் வந்து சேர்ந்தன. அவை எப்படி ஒலித்தன என்பது வரவில்லை. ஏட்டுப்பூச்சியின் கணக்குப்படி அந்தப் பாடல்கள் இப்போது தனியே நிற்கின்றன. எனக்கென்னவோ அவை தனியே விடப்பட்டவையாகத்தான் தெரிகின்றன.

இன்னொன்று. நம் பாக்கள் நான்கையும் பிரித்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசையைச் சொன்னார்கள். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். காதை மூடிக்கொண்டு படிப்பவருக்கு இந்தப் பாகுபாட்டால் என்ன பயன்?

நள்ளிரவு வாசகன்

2016-இல் பாப் டிலனுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏட்டுப்பூச்சி

பரிசுகள் சண்டையை முடிப்பதில்லை, தொடங்கிவைக்கின்றன. 1913-இல் தாகூருக்குக் கிடைத்தபோது தேர்ந்தெடுத்தவர்கள் முன்னால் இருந்தது ஆங்கில உரைநடை வடிவம். வங்காள மெட்டுகள் எதுவும் அதில் இல்லை. அங்கே மெட்டு இல்லாமலே நின்றது அல்லவா? கண்ணதாசனுக்கு 1980-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது 'சேரமான் காதலி' என்ற நாவலுக்கு. பாடல்களுக்கு அல்ல. இதைப் பாடல்களுக்கு எதிரான சான்றாக வைக்கவில்லை, அதற்குள் யாரும் கொதிக்க வேண்டாம்.

கஞ்சிராக்காரர்

"மெட்டைக் கழற்றி" என்கிறீர்கள். மெட்டு என்ன சட்டையா? தோலை உரித்துவிட்டு ஆள் அழகாக இல்லை என்று சொல்வது போல இருக்கிறது.

நான் பார்ப்பது வேறு இடம். பாட்டுக்கும் கவிதைக்கும் உள்ள வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கவிதையைப் படிக்கிறவர் தன் விருப்பப்படி வேகம் கூட்டுவார், ஒரு சொல்லில் நிற்பார், திரும்பி மேலே போவார். பாட்டில் அந்த உரிமை அவருக்கு இல்லை. தாளம் நகர்கிறது, அவரும் நகர வேண்டும். ஆகவே பாட்டெழுதுகிறவர் முதல் கேட்பிலேயே பிடிபடும் அளவுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் குறை சொன்ன "திரும்பத் திரும்ப வருதல்" அங்கிருந்துதான் வருகிறது. வாசகர் கண்ணால் மேலே போவதைப் பாட்டில் பல்லவி செய்து கொடுக்கிறது. இரண்டு சரணத்துக்குப் பிறகு வரும் பல்லவி அதே சொற்களாக இருக்கலாம். அதே பொருளாக இருக்காது. தாளில் அச்சடிக்கும்போது பல்லவியை ஒரே முறை போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறார்கள். பாட்டின் பாதி வேலை அந்தப் புள்ளிகளில் காணாமல் போகிறது.

தாளம் செய்யும் கொடுமையையும் ஒப்புக்கொள்கிறேன். "தாமரைக் கண்ணன்" என்று புலவர் எழுதுகிறார். பாடகர் "தா" என்று நீட்டி, மூச்சு வாங்கி, அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது அடுத்த தாளச் சுற்றில், "மரைக்கண்ணன்" என்கிறார். மரை என்பது மான் வகை. இறைவனுக்குக் கண் மாறிவிட்டது. அவையில் யாரும் கவனிப்பதில்லை.

மௌனவரி

கஞ்சிராக்காரர் காலம் என்றார். நான் அதற்குள் இருக்கும் மௌனத்தைப் பற்றிச் சொல்கிறேன். புதுக்கவிதை எழுதுகிறவள் என்பதால் எனக்கு வேறு கருவி இல்லை. எதுகை கிடையாது, சீர் கிடையாது. இருப்பது வரி முறிவு ஒன்றுதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் உள்ள வெள்ளைப் பகுதியை நான் எழுதியிருக்கிறேன். அது காலியிடம் அல்ல. மெட்டுப் போடுகிறவருக்கு அது காலியாகத் தெரிகிறது, உடனே புல்லாங்குழலைக் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறார். இசை நன்றாகவே இருக்கும். நான் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிவிட்டார் என்பதுதான் என் வழக்கு.

யாப்பில் எழுதிய கவிதையைப் பாடலாம். எழுதும்போதே அதில் ஒரு குரல் ஓடுகிறது. நாங்கள் 'எழுத்து' இதழின் காலத்திலிருந்து அந்தக் குரலை வேண்டாம் என்று விட்டவர்கள். விட்டதை யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

சந்தம்_தேடி

மெட்டுக்கு எழுதிப் பிழைப்பவன் பேசலாமா?

ஏட்டுப்பூச்சி ஐயா, தேய்ந்த அடைமொழிகள் என்றீர்கள். எழுதும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மெட்டு முதலில் வருகிறது, "தனனா தானா தனனா" என்று. சில சமயம் இசையமைப்பாளரே பொருளற்ற சொற்களைப் போட்டுப் பாடி அனுப்புவார். எனக்கு மாத்திரை கணக்கு, அதாவது ஒலியின் கால அளவு, கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை. இப்போது நிபந்தனைகளைப் பாருங்கள். சுரம் நீளும் இடத்தில் நெடில் வேண்டும். குரல் உச்சிக்குப் போகும் இடத்தில் ஆகாரமோ ஓகாரமோ வந்தால் பாடகர் வாழ்த்துவார். இகரம் வந்தால் தொண்டையைப் பிடித்துக்கொள்வார். வேகமான இடத்தில் வல்லின மெய்கள் அடுத்தடுத்து வந்தால் நாக்கு தடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை குற்றியலுகரம், சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். காற்று, நேற்று, பாட்டு, வீடு எனத் தமிழில் அன்றாடச் சொற்களில் எத்தனை அப்படி முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பேச்சில் அந்த உகரம் அரை மாத்திரை. வாயைக் கூடத் திறக்க மாட்டோம். மெட்டு அந்த இடத்தில் நான்கு அட்சரம் நின்றால் "காற்றூ" என்று ஊளையிட வேண்டும். ஆகவே அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு "காற்றே" என்று விளி ஆக்கிவிடுகிறோம். நம் பாடல்களில் நிலவே, மலரே, காற்றே என்று எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே ஏன் என்று கேலி செய்பவர்கள் உண்டு. காதல் மிகுதி ஒரு காரணம். ஏகாரம் நன்றாக நீளும் என்பது இன்னொரு காரணம்.

எதுகையிலும் இப்படி ஒன்று உண்டு. நம் செய்யுளில் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வந்து உட்காரும். மெல்லிசை மெட்டு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வந்து இறங்குவதால் காது அங்கேதான் ஒத்த ஒலியை எதிர்பார்க்கிறது. அந்தக் கடைசி ஒலி ஒப்புமைக்கு இயைபு என்று பெயர். அது இல்லாமல் நான் எழுதிக் கொடுத்தால் "ஏதோ குறைகிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கீர்த்தனைகளில் நிலைமை வேறு. அங்கே ஆவர்த்தனத் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் இன்னும் வேலை செய்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல வரி விழுந்தால் அது கவிதையா இல்லையா என்று நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

வெண்டளை

சந்தம்_தேடி தம்பி சொன்னது தொல்காப்பியருக்குத் தெரிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் முதல் இயலான நூன்மரபின் கடைசி நூற்பா:

"அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்
உளவென மொழிப இசையொடு சிவணிய
நரம்பின் மறைய என்மனார் புலவர்."

எழுத்துக்கு மாத்திரை வகுத்து முடித்துவிட்டு, உயிர் தன் அளவைக் கடந்து ஒலிப்பதும் மெய் நீண்டு ஒலிப்பதும் உண்டு, ஆனால் அவை யாழின் இசைநூலைச் சேர்ந்தவை என்று எல்லை போட்டுவிடுகிறார். எழுத்திலக்கணம் ஓரிடத்தில் நின்று, இதற்கு அப்பால் இசைக்காரரைக் கேளுங்கள் என்கிறது. செய்யுளுக்குள்ளேயும் நீட்டல் உண்டு. ஓசை குறைந்தால் அளபெடுப்போம், அதாவது எழுத்தை நீட்டுவோம். ஆனால் அதை எழுதிக் காட்டுகிறோம். பாட்டில் நீள்வது எழுதப்படுவதில்லை.

நள்ளிரவு வாசகன்

அப்படியானால் தொல்காப்பியர் ஏட்டுப்பூச்சியின் கட்சி. வெவ்வேறு துறை என்று பிரித்துவிட்டார்.

வெண்டளை

பிரித்தார். ஆனால் "உள" என்றும் சொன்னாரே. விலக்கவில்லை, கை காட்டினார்.

ஏட்டுப்பூச்சி

நூற்பாவுக்கு நன்றி ஐயா. இனி என் பக்கத்துக்கு ஒரு பெரிய ஆளைக் கொண்டுவருகிறேன். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815-இல் ஜெர்மன் கவிஞர் கெதேயின் 'எர்ல்கோனிக்' (பேயரசன்) கவிதைக்கு இசை அமைத்தார். மறு ஆண்டு அவருடைய நண்பர் ஒருவர் கெதேயின் கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த பாடல்களைத் தொகுத்துக் கவிஞருக்கே அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை, கட்டு திரும்பி வந்தது. கெதேவுக்குப் பிடித்தது ஒவ்வொரு பத்திக்கும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் முறை. இசை அடங்கி இருக்க வேண்டும், சொல்லுக்கு விளக்கவுரை எழுதக் கூடாது என்பது அதன் பொருள். ஷூபர்ட்டோ தந்தை, மகன், பேயரசன், கதைசொல்லி என்று நான்கு குரலுக்கும் தனித்தனிப் போக்கு வைத்து, பியானோவில் குதிரையை ஓடவிட்டார். மௌனவரி சொல்லும் புல்லாங்குழல் வழக்குதான் இது.

கஞ்சிராக்காரர்

நல்ல சாட்சி, ஆனால் முழு வாக்குமூலத்தையும் சொல்லுங்கள். கெதே அந்தக் கவிதையை 1782-இல் ஒரு இசை நாடகத்துக்காக எழுதினார். மீனவப் பெண் வேலை செய்துகொண்டே பாடுவதாக அது மேடையில் வருகிறது. அதாவது அது பிறந்ததே பாட்டாகத்தான். அவருக்குப் பிடிக்காதது இசை அல்ல, இன்னொருவரின் இசை. 1830-இல் ஒரு பாடகி ஷூபர்ட்டின் அமைப்பைப் பாடிக் கேட்டபோது மனம் மாறிப் பாராட்டினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஷூபர்ட் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

நம்மிடம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கண்ணன் பாட்டில் கண்ணம்மாவைக் குழந்தையாகப் பாடும் "சின்னஞ்சிறு கிளியே". பாரதியார் அதற்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்ததோடு நிற்கவில்லை. ஸ ரி க ம என்று சுரத்தையும் எழுதிவைத்தார். இன்று மேடைகளில் அது ராகமாலிகையாக, பல ராகங்களைக் கோத்து, பாடப்படுகிறது. பைரவியில் கேட்டவர்கள் மிகக் குறைவு. கவிஞரே மெட்டும் எழுதிக் கொடுத்தார். நாம் சொற்களை வைத்துக்கொண்டு மெட்டைத் தள்ளிவிட்டோம். இங்கே யார் யாரைக் கெடுத்தது? ராகமாலிகை அழகாக இருக்கிறது என்பதையும் மறுக்க எனக்கு மனமில்லை.

மௌனவரி

இந்தச் செய்தி என்னைச் சற்றுத் தொந்தரவு செய்கிறது. எழுதிவைத்தும் மெட்டு போய்விட்டதா?

சந்தம்_தேடி

போகும், தோழி. எழுத்தில் தாளம் தங்கும், ராகம் தங்காது. அருணகிரிநாதரைப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டு. திருப்புகழை அச்சிடும்போது ஒவ்வொரு பாடலின் தலையிலும் "தத்தன தனதன" என்று சந்தக் குழிப்பைப் போடுகிறார்கள். அந்தக் குழிப்பு இல்லாவிட்டாலும் சொற்களை உரக்கப் படித்தாலே குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் அடித்துச் சொல்லிவிடும், இது எந்த நடை என்று. தாளத்தைச் சொல்லுக்குள் பூட்டி அனுப்பியிருக்கிறார். ராகத்தை அப்படிப் பூட்ட முடியாது. இன்று பாடப்படும் ராகங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தவர் அமைத்தவை. சந்தத்துக்கு எழுதுகிற என் போன்றவர்களுக்கு அவர்தான் ஆசான். அவரிடம் ஒரு சொல்கூட மெட்டுக்காக வந்து ஒட்டியதாகத் தெரியாது. நான் எழுதுவதில் தெரியும்.

வெண்டளை

தேவாரப் பண்கள் ஓரளவு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. காரணம் ஏடு அல்ல, ஓதுவார்களின் தொண்டை.

ஏட்டுப்பூச்சி மகிழும்படி ஒரு கதை சொல்கிறேன். சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்துவந்தார். பதிகத்தின் பெருமை யாழால் வந்தது என்று பாணரின் உறவினர்கள் பேசினார்கள். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழ் நரம்பில் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். யாழ்மூரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர்.

ஏட்டுப்பூச்சி

பார்த்தீர்களா? கருவி தோற்றது, சொல் வென்றது.

வெண்டளை

வென்றது குரல், நண்பரே. சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பாணர் யாழை உடைக்கப் போயிருக்க மாட்டார்.

நள்ளிரவு வாசகன்

புலவர்களும் பாடகர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட கதைகளும் உண்டே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் (பாராட்டுச் செய்யுள்) கொடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இலக்கண வழுக்கள் இருக்கின்றன என்பது ஒரு காரணம். பிறகு கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியதைக் கேட்டு உருகிக் கொடுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மாயூரத்தில் உ.வே.சா. அதே பாரதியாரிடம் இசை கற்றுக்கொண்டபோது பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இசையில் ஈடுபாடு அதிகமானால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஊன்றாது என்று சொல்ல, மாணவர் நிறுத்திக்கொண்டார். தான் உருகியதால்தான் மாணவனை எச்சரித்தாரோ என்று எனக்கு ஓர் ஐயம். இது என் கற்பனை, யாரும் ஆதாரம் கேட்க வேண்டாம்.

ஏட்டுப்பூச்சி

வழுவைத் தாளில் பார்த்தவர், பாடும்போது மன்னித்துவிட்டார். என் கட்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. இசை ஒரு லஞ்சம்.

சந்தம்_தேடி

மன்னித்தார் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? தாளில் வழுவாகத் தெரிந்தது பாடும்போது வழுவாக இல்லாமல் போயிருக்கலாம். வேண்டுமென்றே நான் நெடிலைக் குறிலாக்கும் இடங்கள் உண்டு. தாளில் பார்த்தால் அரைகுறையாக இருக்கும். மெட்டு அந்தக் குறையை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் விடுகிறேன். நிறைந்த வரியை மெட்டுக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. நீங்கள் சொன்ன "கெட்டுப்போன" கவிதைகளில் பல அப்படிக் கெட்டவை என்று நினைக்கிறேன். அவை முன்பே முழுமையானவை. இசைக்கு அங்கே வேலை இல்லை.

மௌனவரி

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஏட்டுப்பூச்சி ஒப்புக்கொள்ள மாட்டார். குறை வைத்து எழுதப்பட்டதைத் தாளில் படித்துவிட்டுக் குறை இருக்கிறது என்கிறார் அவர்.

ஏட்டுப்பூச்சி

குறை வைத்து எழுதியது என்றால் அதைக் கவிதைத் தொகுப்பு என்று அட்டையில் போட்டு விற்காதீர்கள். பாட்டுப் புத்தகம் என்று போடுங்கள், நானே வாங்குவேன்.

கஞ்சிராக்காரர்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவம் இருக்கிறது, இத்தனை பேசியும் யாரும் அதைத் தொடவில்லை. கச்சேரியில் பாடும் விருத்தம். ராகம் உண்டு, தாளம் இல்லை. மிருதங்கமும் கஞ்சிராவும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் (எனக்கு ஓய்வு). பாடகர் ஒரு சொல்லில் நிற்கலாம், அதையே திரும்பப் பாடலாம், பொருள் பிரியும் இடத்தில் மூச்சு விடலாம். "தாமரை" உடைய வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பாடகர் விருத்தம் பாடும்போது அது ஒருவர் கவிதையை வாசிப்பதற்கு மிக அருகில் வருகிறது. உருதுக் கவியரங்குகளில் கஜலை ராகத்தோடு சொல்வதற்கு ஒரு பெயர், ராகமின்றிச் சொல்வதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டும் அங்கே மதிப்பான முறைகள். நாம் இடையில் இருப்பதைக் கவனிக்காமல் இரு கரையில் நின்று கத்துகிறோம்.

மௌனவரி

தாளமில்லாமல், வரிக்கு வரி இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் பாட முடியும் என்றால் என் கவிதை ஒன்றைத் தரத் தயார். தம்புரா இருக்கலாம். வயலின் கூடாது.

கஞ்சிராக்காரர்

வயலின் வித்துவான் பாடகரின் நிழல் போல வருவார், அவரை விலக்குவது கடினம். கேட்டுப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த பாடகி ஒருவர் இதற்கு ஒப்புக்கொள்வார். ஆனால் ஒன்று, உங்கள் வரியில் சீர் இல்லாததால் எங்கே எடுப்பது எங்கே விடுவது என்று அவருக்குத் தெரியாது. வரிகளை நீங்கள் முறித்தபடியே எழுதி அனுப்புங்கள். ஒரே பத்தியாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

சந்தம்_தேடி

குற்றியலுகரத்தில் முடியும் வரிகளுக்கு ஓரத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள், தோழி. அங்கே நீட்ட வேண்டாம் என்று பாடகியிடம் முன்பே சொல்லிவிடலாம்.

மௌனவரி

பார்த்தேன். பதினொரு வரியில் ஏழு வரி அப்படித்தான் முடிகிறது. மாற்ற மாட்டேன்.

ஏட்டுப்பூச்சி

மாற்றாதீர்கள். பாடியபின் ஒலிப்பதிவை இங்கே போடுங்கள். நான் முதலில் கவிதையைப் படித்துவிட்டுத்தான் கேட்பேன்.

சந்தம்_தேடி

நான் முதலில் கேட்டுவிட்டுப் படிக்கிறேன். பிறகு பேசுவோம்.